புளி போட்டுத் துலக்கிய துப்பாக்கி

பின்கட்டில் என் மனைவி புளி கரைத்துக்கொண்டிருக்கிறாள். நாளை மறுநாள் ஆயுத பூஜை. குத்துவிளக்கும் தாம்பாளமும் குழாயடியில் வரிசையாகக் கிடக்கின்றன. அந்தப் புளி வாசனை சன்னல் வழியாக உள்ளே வந்ததும் நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். கூடத்துக்கும் வாசலுக்குமாக எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது. "என்னங்க, காலு ஒரு எடத்துல நிக்காதா?" என்று அவள் குரல் கொடுத்தாள். நிற்காது. பதினோரு வருடமாக இந்த வாரத்தில் என் கால் ஒரு இடத்தில் நின்றதில்லை. நேற்று அவளிடம் சொல்லும்வரை ஏன் என்று தெரிந்த ஒரே ஆள் நீ. நீயும் மாசியில் போய்விட்டாய்.

மேசைமேல் உன் பிஸ்கட் டின் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் உன் ஊர் ராசாவுக்குப் போனபோது உன் மனைவி கொடுத்தாள். "அவரோட ஜப்பான் சாமான்ண்ணே. வீட்ல வச்சிருக்க பயமா இருக்கு, நீங்க எடுத்துட்டுப் போயிருங்க" என்றாள். உள்ளே அந்தப் பழைய துப்பாக்கி உறை, உன் நீல அட்டை நோட்டுப் புத்தகம், நோட்டுக்குள் மடித்து வைத்த ஒரு மெல்லிய தாள். அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் கோபம் கோபமாக வருகிறது. செத்தவன்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? அதனால் எழுதுகிறேன்.

இன்று அலுவலகத்துக்கு லீவு போட்டிருக்கிறேன். ஓர் இடத்துக்குப் போக வேண்டும். அதற்குமுன் நடந்ததை முழுதாக ஒருமுறை உன்னிடம் சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரிந்ததை உனக்கே சொல்வது கிறுக்குத்தனம்தான். ஆனால் நாம் இருவரும் இதை வாய்திறந்து பேசியதே இல்லையே.

நம் ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயிலில் ஒரு பெட்டி இருந்தது. அதில் நான்கு அரிவாள், ஒரு சாட்டை, அவற்றோடு ஒரு துணிப் பொட்டலம். அதைச் 'சாமி பொட்டலம்' என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிரித்துப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பழைய துணியை அவிழ்க்காமல் அதன்மேலேயே எண்ணெய் தடவி, புதுச் சிவப்புத் துணியைச் சுற்றி, சந்தனம் வைத்து, திரும்பவும் பெட்டியில் வைத்துவிடுவார்கள். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்திலிருந்து சுற்றிச் சுற்றி அது ஒரு பலாக்காய் அளவுக்குப் பருத்திருந்தது. உடைந்த அரிவாளின் பிடி என்று சிலர் சொன்னார்கள். சாமி கடித்த இரும்பு என்று சிலர் சொன்னார்கள்.

நமக்குப் பதினான்கு வயது இருக்கும். ஒரு பூஜையில் பொட்டலத்தைத் தூக்கிவரும் வேலை உனக்கு வந்தது. பெட்டியிலிருந்து சாமி காலடிக்கு இருபது அடிகூட இருக்காது. அந்த இருபது அடியைக் கடக்க நீ அத்தனை நேரம் எடுத்துக்கொண்டாய். பக்தி முற்றிவிட்டது என்று பூசாரி நினைத்தார். திரும்பி வந்து என் காதருகே சொன்னாய்: "டேய், இது அருவா இல்லடா. பின்னாடி உருண்டையா ஒரு குமிழ் இருக்கு. கீழ ஒரு வளையம் இருக்கு. வளையத்துக்குள்ள வெரல் போவும்."

அன்றைக்குப் பிடித்த கிறுக்கு அது. மற்றவர்கள் பந்து விளையாடப் போனார்கள். நீ துணிக்குள் இருந்த ஒரு பொருளைத் தேடிக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் போனாய்.

செரண்டாவில் ஒரு பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்த பிறகு சம்பளம் வந்ததும் வெளிநாட்டுப் புத்தகங்களை வரவழைத்தாய். ஜப்பான் ராணுவத்துக் கைத்துப்பாக்கிகள் பற்றிய கனமான புத்தகங்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் படிப்பாய். ஆனால் வரைபடத்தை என்னைவிட வேகமாகப் படித்தாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் என்னை உட்காரவைத்துச் சொல்லுவாய். நான் எழுத்தர் வேலைக்குப் போனதிலிருந்து எனக்குக் கிராணி என்று பெயர் வைத்துவிட்டாய். "கிராணி, இங்க பாருடா. பதினாலாம் ரகம். சேஃப்டி எங்க வச்சிருக்கான் பாரு. சுடுற கையால எட்டவே எட்டாது. இன்னொரு கை வேணும். எதிரி வந்து நிக்கிறான், இவன் ரெண்டு கையால திருவிக்கிட்டு இருக்கான்." அதைச் சொல்லிவிட்டு நீயே சிரிப்பாய். உள்ளே தோட்டாவைத் தட்டும் ஊசி சீக்கிரம் தேய்ந்து உடையும் என்பதால் உறையிலேயே ஒரு உபரி ஊசிக்குப் பை வைத்துத் தைத்திருப்பார்கள் என்பாய். இன்னொரு ரகத்தில் இடப்பக்கம் ஒரு பட்டை வெளியே தெரியும், அதைத் தெரியாமல் அழுத்தினாலே வெடித்துவிடும். அதைக் காட்டி, "இத வச்சிருக்கிறவன்கூட கை குலுக்கக் கூடாதுலா" என்பாய்.

"இவ்வளவு கொறையுள்ள சாமானுக்கு எதுக்குடா உயிர விடுற?" என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"கொறை இருக்கிற எடத்துலதான்டா அதச் செஞ்சவன் தெரியிறான்" என்றாய். "சரியா இருக்கிறதுல ஒருத்தனும் தெரியமாட்டான்."

சுடக்கூடிய எதையும் நீ தொட்டதில்லை. நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு சின்ன உதிரிப்பாகம் கையில் இருந்தாலே ஆள் உள்ளேதான். உன் சேகரிப்பில் இருந்ததெல்லாம் உறைகள், வார்கள், படங்கள், ரப்பர் மரத்தில் நீயே செதுக்கிய மாதிரிகள். அந்த மரத்துப்பாக்கியின் சேஃப்டி அரை வட்டம் சுற்றி டக்கென்று நிற்கும். ரவாங்கில் பழைய சாமான் விற்பவரிடம் ரப்பர் பூசிய கித்தான் உறை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறது. போர் முற்றிய பிறகு தோல் கிடைக்காமல் இப்படிச் செய்தார்கள் என்றாய். மூக்கருகே வைத்து மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாய். "நம்ம தோட்டத்துப் பாலாகூட இருக்கும்டா. இங்கேர்ந்து போயி, அங்க உறையாயி, திரும்பி இங்கயே வந்திருச்சு." அந்த உறைதான் இப்போது என் முன்னால் இருக்கிறது. ரப்பர் வெடித்து உதிர்கிறது. தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டுகிறது.

வருடத்துக்கு ஒருமுறை மட்டும் உனக்குப் பரீட்சை. ஆயுத பூஜையன்று பொட்டலத்தைத் தூக்கும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாய். துணிமேல் விரலை ஓட்டி ஓட்டி, படித்ததை எல்லாம் சரிபார்ப்பாய். "வளையம் பெருசுடா. குளிர்ல கையுறை போட்ட வெரலும் நுழையணும்னு பின்னால பெருசு பண்ணுனாங்க. குமிழ்ல மூணு வரி இருக்கு. கடைசிக் காலத்துல அந்த வரிய எடுத்துட்டாங்க. அப்ப இது நடுவாந்திரம். பதினேழு, இல்லன்னா பதினெட்டு." அந்தத் துப்பாக்கிகளின் வலப்பக்கத்தில் அவர்கள் ராஜா ஆட்சிக்கு வந்து எத்தனையாவது வருடம், எத்தனையாவது மாதம் என்று குத்தியிருப்பார்களாம். பக்கத்தில் வரிசை எண். அதைப் பார்க்காமல் செத்துவிடுவேனோ என்பதுதான் உன் பயம். "நம்பர்தான்டா அதோட பேரு. நம்பர் போச்சுன்னா அது வெறும் இரும்பு."

மனைவி வந்து தாளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரியும் நான் எங்கே போகப்போகிறேன் என்று. காலையிலேயே ஒரு சண்டை முடிந்துவிட்டது. மிச்சத்தை ராசாவில் போய் எழுதுகிறேன். இங்கே உட்கார முடியவில்லை.

ராசாவில், உன் வீட்டுக்கு முன்சந்தியில் இருக்கும் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். பாலில்லாத தேநீர், நம் தே-ஓ, ஆறிவிட்டது. உன் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் காடியை நிறுத்தினேன். போகவில்லை. உன் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டால் சொல்லிவிடுவேன், அவளிடம் முதலில் சொல்லிவிட்டால் மற்ற இடத்துக்குப் போகும் தைரியம் கரைந்துவிடும். என்னை எனக்குத் தெரியும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போனது. கோயிலைச் சாலையோரத்துக்கு மாற்றச் சொன்னார்கள். பூசாரி அதற்குமுன்பே இறந்திருந்தார். அந்த வருடம் பூஜை முறை எங்கள் குடும்பத்துடையது. பெட்டிச் சாவி என்னிடம் இருந்தது. ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் மாலை நாம் இருவரும் பெட்டியை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து புதுக் கொட்டகையில் இறக்கினோம். இறக்கும்போது அடிப்பலகை உடைந்து பொட்டலம் தரையில் விழுந்தது. எண்ணெயில் மக்கியிருந்த துணி தானாகவே பிளந்துகொண்டது.

நீ கீழே குந்தினாய். ஒவ்வொரு துணியாகப் பிரித்தாய். சந்தனமும் எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து உடும்புத் தோல் மாதிரி ஒட்டியிருந்த அந்த இரும்பு வெளியே வந்தது. பெரிய வளையம். மூன்று வரிக் குமிழ். நீ சொன்னது சொன்னபடி இருந்தது. முதலில் அடிப்பக்கத்துத் தோட்டாப் பெட்டகத்தை இழுத்துப் பார்த்தாய், பிறகு குழலைப் பார்த்தாய். தோட்டா இல்லை. "இனிமே இது இங்க இருக்கக் கூடாதுடா" என்றாய். "நாளைக்குக் காலைல பூஜ முடிஞ்சதும் போலீஸ்ல ஒப்படைச்சிடலாம். காட்சியகத்துல வைக்கச் சொல்லி எழுதிக் கேப்போம்."

"நம்பர் என்ன?" என்று கேட்டேன்.

"அழுக்கு ஏறியிருக்கு. நல்லா தொடைச்சாத்தான் தெரியும். நாளைக்கு வெளிச்சத்துல பாப்போம். நீ போயி ரெண்டு தே-ஓ கட்டிக்கிட்டு வா, கிராணி."

போனேன். பிளாஸ்டிக் பையில் தே-ஓவைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது நீ அதைப் புதுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தாய். உன் காதில் எப்போதும் செருகியிருக்கும் பென்சில் கையில் இருந்தது. விரல் நுனியெல்லாம் கறுப்பு. பழைய எண்ணெய்க் கறை என்று நினைத்துக்கொண்டேன். நீ தே-ஓவைக் குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாய். அதுவரை நான் பார்த்திராத சந்தோஷம் உன் முகத்தில் இருந்தது. என்ன ரகசியம் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் விடியற்காலை அரிவாள்களைத் துலக்க உட்கார்ந்தேன். வழக்கம் அது. சாமிக்கு முன்னால் துருவும் அழுக்குமாக எந்த ஆயுதத்தையும் வைக்கக் கூடாது. புளி போட்டுத் தேய்த்து, செங்கல் பொடி போட்டுத் தேய்த்து, சாணைக்கல்லில் தீட்டி, பளபளக்க வைத்துத்தான் பொட்டு வைக்க வேண்டும். நான்கு அரிவாளும் முடிந்தது. பெட்டியில் பார்த்தால் அது. முன்பு துணிக்குள் இருந்தபோது அதற்கு விதிவிலக்கு. இப்போது அதுவும் மற்றவை மாதிரி ஓர் ஆயுதம்தானே? அதோடு, நல்லா துடைத்தால்தான் எண் தெரியும் என்று நீயே சொல்லியிருந்தாய். நீ வருவதற்குள் எண் தெரியும்படி செய்து வைத்தால் உனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும்!

புளி போட்டேன். செங்கல் பொடி போட்டேன். துரு போகவில்லை. வலப்பக்கம் தட்டையாக இருந்தது. அரிவாளை வைப்பதுபோலச் சாணைக்கல்லில் வைத்துத் தேய்க்க வசதியாக இருந்தது. தேய்த்தேன். ஒரு மணி நேரம் வேர்க்க வேர்க்கத் தேய்த்தேன். வெள்ளிபோல மின்னியது. எண் எதுவும் தெரியவில்லை. மறுபக்கம் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டு சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் வைத்தேன்.

நீ வந்தாய். சாமிக்கு முன்னால் அது மின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்தாய். நீ என்னை அடித்திருக்க வேண்டும். கெட்ட வார்த்தையாவது பேசியிருக்க வேண்டும். அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். வலப்பக்கத்தை விரலால் தடவினாய், முன்பு துணிமேல் தடவியதுபோலவே. பிறகு, "நல்லா மினுக்குதுடா" என்றாய். எனக்கு அப்போதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது. எண் வலப்பக்கத்தில்தான் இருக்கும் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருந்தாய்!

காவல் நிலையத்தில் மேசைக்கு அந்தப்பக்கம் ஒரு மலாய் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். கோயில் கதை முழுவதையும் கேட்டார். துப்பாக்கியைப் புரட்டிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. புதிதாகத் தேய்த்த தடம் யாருக்கும் தெரியும். எண்ணை அழித்த துப்பாக்கி என்றால் அவர்களுக்கு அது வேறு விஷயம். "இதை அழித்தது யார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் உன் செருப்புக் கால் என் இடது காலை மிதித்தது. நன்றாக, எலும்பு நோகிற மாதிரி மிதித்தது.

"சாயா, துவான்" என்றாய். நான்தான் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய்!

நான் வாயை மூடிக்கொண்டேன். நீ மிதித்ததால் மூடினேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். நீ காலை எடுத்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அரசாங்க வேலை. மகள் பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. உன்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனபோது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, பூஜைப் பொங்கல் ஆறிக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பு அதுதான். எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.

விசாரணைக்காகச் சில நாள் வைத்திருந்து உன்னை விட்டார்கள். துருப்பிடித்த பழம்பொருள், தோட்டா இல்லை, நீயாகவே கொண்டுவந்து கொடுத்தாய் என்பதால் வழக்கு மேலே போகவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சோதனை போட்டதில் உன் புத்தகமும் மரத்துப்பாக்கிகளும் போயின. பாதிகூடத் திரும்பவில்லை. செரண்டா பட்டறை முதலாளி, "துப்பாக்கி கேஸ் ஆளு நமக்கு வேணாம்லா" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு வீட்டு வாசலில் இரும்பு கேட்டும் கிரில்லும் பற்றவைத்துப் பிழைத்தாய். நான் ஒருநாள், "நான் போயி சொல்லிடவாடா?" என்று கேட்டேன். "சொல்லி? ரெண்டு பேரும் கிரில் அடிக்கவா?" என்று சிரித்தாய். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். நீ அப்படித்தான் சொல்லுவாய் என்று தெரிந்துதான் கேட்டேன்.

இந்தக் கடைக்காரர் இரண்டு முறை மேசையைத் துடைத்துவிட்டார். கிளம்புகிறேன்.

இப்போது கோலா சிலாங்கூர் பக்கம் வந்துவிட்டேன். ஆற்றுமுகம் போகும் சாலையில், அந்தச் சின்ன அருங்காட்சியகத்துக்கு எதிரே, காடிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

காட்சியகம் என்றாலே உன்னோடு போவதற்கு எனக்குப் பயம். கண்ணாடிப் பெட்டியை விடப் பக்கத்தில் இருக்கும் அட்டையைத்தான் முதலில் பார்ப்பாய். கோலாலம்பூரில் ஓரிடத்தில் ரகத்தை மாற்றி எழுதியிருந்தார்கள். பக்கவாட்டுப் பட்டை உள்ள துப்பாக்கிக்குப் பதினாலாம் ரகம் என்று அட்டை. காவலாளியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் விளக்கினாய். மூன்று கடிதம் போட்டாய். ஒவ்வொன்றிலும் முழுப் பெயர், அடையாள அட்டையின் ஐசி எண், வீட்டு முகவரி. "எதுக்குடா இதெல்லாம்? மொட்டையா எழுதிப் போடு" என்றேன். "பேரு போடாத திருத்தம் வெறும் புரளிடா. தப்புன்னு சொல்றவன் முன்னால வந்து நிக்கணும்" என்றாய். கடைசியில் அட்டையை மாற்றினார்கள். அந்த அட்டையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாய். உன் கல்யாணப் படத்தைக்கூட நீ அப்படி அனுப்பியதில்லை.

நம் முனியாண்டி துப்பாக்கி எங்கெங்கோ சுற்றி, குழல் அடைக்கப்பட்டு, இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தக் காட்சியகத்துக்கு வந்தது. கேள்விப்பட்டதும் நீதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாய். கண்ணாடிக்குள் அது படுத்திருந்தது. நான் தேய்த்த பக்கம் மேலே தெரியும்படி வைத்திருந்தார்கள். நீ வழக்கம்போல அட்டையை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாய். "ரகம் சரி. தோட்டா எட்டு மில்லிமீட்டர், சரி. கோயில்ல கெடச்சது, சரி." கடைசி வரிக்கு வந்ததும் உன் விரல் நின்றது. 'வரிசை எண்ணும் ஆண்டும் கண்டெடுத்தவரால் அழிக்கப்பட்டன' என்று மலாயில் எழுதியிருந்தது. கண்டெடுத்தவர் என்று அதற்கு மேலே உன் பெயரும் இருந்தது.

உன் பெயர். ஊரார் அட்டையையெல்லாம் திருத்திய உன் பெயர். எண் போனால் அது வெறும் இரும்பு என்று சொன்னவனின் பெயர். ஜப்பான் துப்பாக்கி சேர்ப்பவன் ஒருவன் உலகத்தில் எந்த மூலையிலிருந்து வந்து இதைப் படித்தாலும், யார் இந்த மடையன் என்றுதான் கேட்பான்.

நான் உன் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். நீ விரலை எடுத்துக்கொண்டாய்.

"அட்டை சரியாத்தான்டா இருக்கு" என்றாய். "வா, மீன் தலைக் கறி சாப்பிடலாம்."

போனோம். சாப்பிட்டோம். நான் இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினேன்.

இனி அந்தத் தாளைப் பற்றி. உன் நீல நோட்டில் ஒரு பக்கத்தில், நமக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே எழுதியது: 'துணிமேல் தடவியதில்: பெரிய வளையம், மூன்று வரிக் குமிழ். 17 அல்லது 18.' அந்தப் பக்கத்தில் மடித்து வைத்திருந்தது இந்த மெல்லிய தாள். இரும்பின்மேல் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து எடுத்த அச்சு. கறுப்புக்கு நடுவே வெள்ளையாக எழுத்துகள் எழுந்து நிற்கின்றன. வரிசை எண் முழுதாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் பதினெட்டு, ஒரு புள்ளி, இரண்டு. அவர்கள் ராஜாவின் பதினெட்டாவது வருடம், இரண்டாவது மாதம். பக்கத்தில் நீ ஒரு பெரிய சரி போட்டிருக்கிறாய். இருபது வருடத்துக்கு மேலாகத் துணிமேல் விரலை ஓட்டிக் கண்டுபிடித்தது சரி. நான் தே-ஓ வாங்கப் போன நேரத்தில் நீ அதைப் பார்த்துவிட்டாய்! வீட்டுக்குப் போய் நோட்டோடு ஒப்பிட்டுவிட்டு மறுநாள் எனக்குக் காட்டிப் பீற்றிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாய். உன் வீம்பு எனக்குத் தெரியாதா?

ஃபிட்டர் புத்தி, எந்தத் தாளிலும் தேதியும் நேரமும் போடாமல் விடமாட்டாய். அதிலும் போட்டிருக்கிறாய். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், மாலை ஆறு மணி. அதாவது மாலை ஆறுக்கு எண் இருந்தது. அதற்குப் பிறகு பெட்டிச் சாவி என்னிடம் மட்டும்தான் இருந்தது. இந்தத் தாளை அன்றைக்கு அந்த அதிகாரியிடம் நீட்டியிருந்தால் நீ அழிக்கவில்லை என்று தெரிந்திருக்கும். துப்பாக்கிக்கு அதன் எண்ணும் திரும்பக் கிடைத்திருக்கும். உன் வேலை, உன் புத்தகங்கள், உன் பெயர், எல்லாம் தப்பியிருக்கும். தாளின் கீழே வேறு மையில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: 'காட்டினால் அவன் மாட்டுவான்.'

எண்தான் பெயர் என்றாயே. அந்தப் பெயரை உலகத்துக்குக் காட்டாமல் பதினோரு வருடம் டின்னுக்குள் பூட்டிவைத்தாய். சரி போட்ட தாளை ஒரு மனிதனிடம்கூடக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்ள உன்னால் முடியவில்லை. என்னிடமும் காட்ட முடியவில்லை. காட்டியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கிறேன். அழுதிருப்பேன். பிறகு அதை டின்னுக்குள்ளேயே வைக்கச் சொல்லியிருப்பேன். உனக்கு அதுவும் தெரிந்திருக்கும். அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

காலையில் மனைவி சொன்னாள்: "போனவரு போயிட்டாரு. உங்களுக்கு பென்ஷனுக்கு இன்னும் ரெண்டு வருஷம். இப்பப் போயி நான்தான் அழிச்சேன், போலீஸ்ல வாய மூடிக்கிட்டு இருந்தேன்னு எழுதிக் கொடுத்தா சும்மா விடுவாங்களா? புள்ள படிச்சு முடிக்கட்டுமே." அவள் சொல்வதில் தப்பில்லை. பதினோரு வருடமாக எனக்கும் தப்பில்லாத காரணம் ஒன்று கிடைத்துக்கொண்டேதான் இருந்தது. நாற்பது நாள் குழந்தை இப்போது ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். அவள் பல்கலைக்கழகம் முடிக்கும்போதும் ஒன்று கிடைக்கும்.

அலுவலகத்துக் கவுண்டரில் தினமும் மற்றவர்களுடைய மனுவை வாங்கி, கையெழுத்து இல்லை, ஐசி எண் இல்லை என்று திருப்பிக் கொடுப்பவன் நான். எனக்கு மனு எழுதத் தெரியும். நேற்று மாலை உட்கார்ந்து எழுதினேன். அட்டையில் கடைசி வரி தவறு. அழித்தவர் கண்டெடுத்தவர் அல்ல. கூட இருந்தவர். பூஜைக்காகப் புளி போட்டும் சாணைக்கல்லில் தேய்த்தும் அழித்தார். எண்ணும் ஆண்டும் இதோடு இணைத்துள்ள அச்சில் இருக்கின்றன. கண்டெடுத்தவர் தொட்டுப் பார்த்தே ஆண்டைச் சரியாகச் சொன்னவர் என்பதையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். கீழே முழுப் பெயர், ஐசி எண், வீட்டு முகவரி. உன் கடிதங்களின் அமைப்பை அப்படியே பார்த்து எழுதியது. காவல் நிலையத்துக்கும் ஒரு பிரதி எடுத்திருக்கிறேன். இங்கே கொடுத்துவிட்டு அங்கே போக வேண்டும்.

மூன்று தடவை காடிக் கதவைத் திறந்து மூடிவிட்டேன். இனி போகிறேன்.

திரும்பி வந்துவிட்டேன். இதை எழுதி முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

உள்ளே முகப்பு மேசையில் ஓர் இளம் மலாய்ப் பெண் இருந்தாள். உட்காரச் சொன்னாள். கடிதத்தைப் பொறுமையாகப் படித்தாள். பென்சில் அச்சை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். அவளுக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தது. வாய்க்குள்ளேயே எண்ணைச் சொல்லிப் பார்த்தாள். முனியாண்டி பெட்டியிலிருந்து வந்த அந்த இரும்பை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை இன்றுதான் கேட்டேன். நீ கேட்க வேண்டியது.

பிறகு என்னைப் பார்த்து, பதிவேட்டில் எழுதுவதற்காக, மலாயில் கேட்டாள்: "அப்படியென்றால் எண்ணை அழித்தது யார்?"

என் இடது கால் தானாகவே நாற்காலிக்கு அடியில் பின்வாங்கி ஒளிந்துகொண்டது. காத்திருந்தேன். மேசைக்கு அடியில் யாரும் என்னை மிதிக்கவில்லை.

"சாயா" என்றேன்.

வலி இன்னும் அந்தக் காலில்தான் இருக்கிறது. அது இருக்கட்டும். காவல் நிலையத்துக்குள் அதோடுதான் நடந்து போகப்போகிறேன்.